சனிக்கிழமைச் சேவையும் மாமாவின் சான்றிதழும்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறோம். ஒரே மகன். பத்தாம் வகுப்பு வரை சி.பி.எஸ்.இ.யில் படித்தான். இந்த ஆண்டு கோவையில் ஒரு சர்வதேசப் பள்ளியில், ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலாரியேட்) என்ற இரண்டாண்டுப் பாடத்திட்டத்தின் டிப்ளமோவில், 11ஆம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். விடுதியில் தங்கியிருக்கிறான். கட்டணத்தைச் சொன்னால் சொந்தக்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் பாதி நேரம் வகுப்புக்கு வெளியேதான் இருக்கிறான். செவ்வாய்க்கிழமை நாடகம், வியாழக்கிழமை கால்பந்து, மாதம் ஒரு முறை மாதிரி ஐ.நா. சபை என்று ஏதாவது ஓர் ஊர். சனிக்கிழமை காலையில் முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே தட்டுக் கழுவினானாம். வீட்டில் அவனை நான் ஒரு டம்ளர்கூடக் கழுவ விட்டதில்லை. "இதற்கா இவ்வளவு பணம்?" என்று அவன் அப்பா கொதிக்கிறார். இரவு பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து, செய்ததைப் பற்றி 'ரிஃப்ளெக்‌ஷன்' எழுதுகிறான். முதல் பருவத்தில் கணக்கில் 7க்கு 4தான் வந்திருக்கிறது.

என் அண்ணன் ஓர் அறக்கட்டளையின் செயலாளர். "ஒன்றரை வருடத்துக்கும் சேர்த்து நானே சேவைச் சான்றிதழ் தருகிறேன், பையன் நிம்மதியாகப் படிக்கட்டும்" என்கிறார். வாங்கிவிடலாமா? இன்னொன்று: வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஒரு நிறுவனம், கோடை விடுமுறையில் கம்போடியாவில் அநாதை இல்லம் ஒன்றில் இரண்டு வாரச் சேவைக்கு அழைத்துப் போகிறது. கிட்டத்தட்ட நான்கு லட்சம் ஆகும். அமெரிக்காவில் நல்ல கல்லூரியில் இடம் கிடைக்க இது பெரிதும் உதவும் என்கிறார்கள். அனுப்பலாமா?

— ஒரு தாய், திருப்பூர்

அன்புச் சகோதரிக்கு,

வணக்கம். இரண்டு கேள்விக்கும் என் பதில் "வேண்டாம்" என்பதுதான். அண்ணனிடம் சான்றிதழ் வாங்காதீர்கள், கம்போடியாவுக்கும் அனுப்பாதீர்கள். ஆனால் நேரடியாகக் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று உங்கள் கடிதம் முழுக்க ஓடுகிறது. பையனைப் படிக்கத்தானே அனுப்பினோம், இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி. சர்வதேசப் பள்ளிகளில் வகுப்புக்கு வெளியே நடக்கும் இந்த வேலைகளுக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்தவன் என்ற முறையில், அதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

முதலில் விதி. சேர்க்கை நாளில் வழவழப்பான கையேட்டில் மலையேற்றப் படமும் மேடைப் படமும் காட்டுவார்கள். விதியை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. ஐ.பி. டிப்ளமோவில் ஆறு பாடங்கள், பாடத்துக்கு 7 வீதம் 42 மதிப்பெண். 4,000 சொற்களுக்குள் எழுத வேண்டிய ஆய்வுக் கட்டுரைக்கும், 'அறிவுக் கோட்பாடு' என்ற பாடத்துக்கும் சேர்த்து இன்னும் 3. மொத்தம் 45. இவற்றோடு மதிப்பெண்ணே இல்லாத ஒன்று இருக்கிறது. படைப்பு, உடற்செயல், சேவை ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் பிள்ளைகள் அதைக் 'காஸ்' என்பார்கள். உங்கள் மகனின் நாடகமும் கால்பந்தும் சனிக்கிழமையும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. மதிப்பெண் இல்லை என்பதால் அலட்சியமாக இருந்துவிட முடியாது. பாடங்களில் 42க்கு 42 வாங்கினாலும் காஸ் முடிக்காதவனுக்கு டிப்ளமோ கிடைக்காது.

குறைந்தது 18 மாதம், கூடியவரை வாரந்தோறும், மூன்று பிரிவுக்கும் ஓரளவு சமமாக நேரம் கொடுத்துச் செய்ய வேண்டும். அதற்குள் ஒரு மாதத்துக்குக் குறையாமல், மற்றவர்களோடு சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நடத்திக் காட்ட வேண்டும். முன்பு 150 மணி நேரம் என்றொரு கணக்கு இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். இப்போது பார்ப்பதெல்லாம் வேறு. பையனுக்குத் தன் பலமும் பலவீனமும் பிடிபட்டதா, புதிதாக எதையாவது கற்றானா, தானாகத் திட்டமிட்டானா, அலுப்புத் தட்டிய பிறகும் நின்றானா, நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்தானா, உலகத்தைப் பாதிக்கும் பிரச்சினை ஒன்றோடு அவன் வேலைக்குத் தொடர்பு இருக்கிறதா, செய்தது சரிதானா என்று யோசித்தானா. இந்த ஏழுக்கும் 18 மாதத்தில் ஆதாரம் இருந்தால் போதும். பத்துச் சங்கங்களில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

ஆகவே உங்கள் கணவரின் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. நாடகம், கால்பந்து, முதியோர் இல்லம் ஆகியவற்றோடு மூன்று பிரிவும் நிறைந்துவிட்டது. மாதிரி ஐ.நா. சபை அதற்கு மேல். 1968 முதல் ஹேக் நகரில் பள்ளி மாணவர்களுக்காகப் பெரிய அளவில் நடந்துவரும் நல்ல பயிற்சிதான் அது. ஒரு நாட்டின் நிலைப்பாட்டைப் படித்து, நமக்குப் பிடிக்காத கட்சிக்காகவும் வாதாடக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் நம் ஊரில் அது கோட்டு தைத்துக்கொண்டு, கட்டணம் கட்டி, ஓட்டலில் தங்கி, ஏற்கெனவே நன்றாகப் பேசுகிற பிள்ளைகள் பரிசு வாங்கிவரும் வாரக்கடைசி விழாவாக மாறிவிட்டது என்பது என் அபிப்பிராயம். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். மாதம் ஒன்று என்பதை நாளைக்கே நிறுத்தச் சொல்லலாம். காஸுக்கு ஒரு குறையும் வராது.

கணக்கில் வந்த 4ஐயும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 7க்கு 4 என்றால் நூற்றுக்கு 57 என்று மாற்றிப் பார்க்கும் பழக்கம் நமக்கெல்லாம் இருக்கிறது. ஐ.பி.யில் அந்த எண்கள் சதவீதம் அல்ல, தரநிலைகள். நூற்றுக்கு எத்தனை எடுத்தால் எந்த நிலை என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். சி.பி.எஸ்.இ.யிலிருந்து வருபவர்களுக்கு முதல் பருவத்தில் இந்தச் சறுக்கல் சாதாரணம். சூத்திரத்தைப் போட்டு விடையைக் கொண்டுவரப் பழகியவனிடம், ஏன் அந்தச் சூத்திரம் என்று எழுதச் சொல்கிறார்கள். அதற்குப் பழகச் சில மாதம் ஆகும். சனிக்கிழமை காலையை வெட்டினால் அந்தப் பழக்கம் சீக்கிரம் வந்துவிடாது.

இனி, இதைப் பாடத்திட்டத்தில் வைத்தது யார், ஏன் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கர்ட் ஹான் என்ற ஜெர்மானியக் கல்வியாளரிடமிருந்து இந்த எண்ணம் பெரிதும் வருகிறது. 1920இல் தெற்கு ஜெர்மனியில் சாலெம் என்ற பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர். யூதர். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்ததால் 1933இல் கைதாகி, பிரிட்டனுக்குப் போய், 1934இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியை நிறுவினார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் பிறர் துன்பத்தைப் பார்த்தும் பாராமல் வளர்வது பெரிய கேடு என்று நம்பினார். மலை மீட்பு, கடல் மீட்பு, தீயணைப்பு என்று உண்மையான பொறுப்புகளில் அவர்களை இறக்கினார். அவர் எண்ணத்தில் 1962இல் வேல்ஸ் கடற்கரையில் ஒரு பழைய கோட்டைக்குள் அட்லாண்டிக் கல்லூரி தொடங்கியது. ஐ.பி. உருவான 1960களில் அதைச் சோதித்துப் பார்த்த பள்ளிகளில் அதுவும் ஒன்று.

அந்தக் கல்லூரி மாணவர்களின் சேவை என்ன தெரியுமா? கரையோரத்தில் ஆபத்தில் சிக்கியவர்களைப் படகில் போய் மீட்பது. அலையில் அடிபட்டு ரப்பர்ப் படகின் அடிப்பாகம் கிழிந்துகொண்டே இருந்தது. கல்லூரியின் முதல் தலைவராக இருந்த முன்னாள் கடற்படை அதிகாரி டெஸ்மண்ட் ஹோரும் மாணவர்களும் அடியில் கெட்டியான பலகையைப் பொருத்திப் பார்த்தார்கள். உடைந்தது, மறுபடி செய்தார்கள். பல மாதிரிகளுக்குப் பிறகு, கெட்டியான அடிப்பாகமும் சுற்றிலும் காற்றடைத்த குழாயும் கொண்ட படகு உருவானது. இன்று உலகெங்கும் கடலோரக் காவல் படைகளும் மீட்புக் குழுக்களும் ஓட்டும் படகுக்கு மூலம் அதுதான். அதன் காப்புரிமையைப் பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்கு ஹோர் ஒரே ஒரு பவுண்டுக்குக் கொடுத்தார். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் செய்த வேலை இது. யாருடைய விண்ணப்பத்துக்கும் அழகு சேர்ப்பதற்காக அவர்கள் அந்தப் படகில் ஏறவில்லை. போகாவிட்டால் ஒருவர் மூழ்கிவிடுவார், அதனால் ஏறினார்கள்.

எல்லாப் பள்ளியிலும் கடல் இல்லை, சரி. ஆனால் நாம் வராவிட்டால் ஒரு வேலை நின்றுவிடும் என்ற நிலையைப் பதினாறு வயதில் ஒருவன் ஒரு முறையாவது அனுபவிக்க வேண்டும். பாடத்தில் அது நடக்காது. அவன் வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் அவனுக்கு மட்டும்தான் நட்டம். முதியோர் இல்லத்தில் அவன் வராத சனிக்கிழமை, நாற்பது தட்டையும் வேறு யாரோ கழுவ வேண்டும்.

தட்டுக்கு வருகிறேன். நீங்கள் அதை எழுதிய விதத்தில் ஒரு வலி தெரிந்தது. நான் அதைச் சிரித்துத் தள்ளவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் அவன் சாப்பிட்ட தட்டை இத்தனை வருடம் யாரோ கழுவியிருப்பார்கள். நீங்களாக இருக்கலாம், வேலைக்கு வரும் அக்காவாக இருக்கலாம். அந்த அக்காவின் பெயரும், அவர் எந்தப் பகுதியிலிருந்து எத்தனை மணி பஸ்ஸுக்கு வருகிறார் என்பதும் உங்கள் மகனுக்குத் தெரியுமா? முதியோர் இல்லத்தில் சாம்பார் காய்ந்து ஒட்டிய எவர்சில்வர் தட்டை நார் போட்டுத் தேய்த்தவனுக்கு, அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது இந்தக் கேள்வி தானாகத் தோன்ற வாய்ப்பு இருக்கிறது. தோன்றாமலும் போகலாம். உறுதி எதுவும் தர மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை எப்படி நடக்கிறது என்பதையும் நீங்கள் விசாரிக்க வேண்டும். எல்லாச் சேவையும் சேவை அல்ல. பள்ளி வேன் வந்து நிற்கும், பிள்ளைகள் இறங்கி ஆளுக்கொரு ஆப்பிள் கொடுத்து, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். இதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். இல்லங்களை நடத்துபவர்கள் வெளியே சொல்லாத சங்கடம் இன்னொன்று: பிறந்தநாள், திருமண நாள் என்று ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் மூன்று வீட்டுச் சாப்பாடு வரும், சர்க்கரை நோயாளிகளுக்குக் கேக் வரும், செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குத் துணைக்குப் போக ஆள் இருக்காது. உங்கள் மகனிடம் கேளுங்கள்: அங்கே இருக்கும் ஒருவரின் பெயர் தெரியுமா? அவர் எந்த ஊர்க்காரர், என்ன வேலை பார்த்தவர்? அவனுக்குச் சொல்லத் தெரிந்தால் பள்ளி ஒழுங்காக நடத்துகிறது. தெரியாவிட்டால் உங்கள் புகாரைப் பள்ளிக்கு எழுதலாம். ஆனால் "ஏன் அனுப்புகிறீர்கள்" என்று எழுதாமல் "ஏன் இப்படி மேலோட்டமாக அனுப்புகிறீர்கள்" என்று எழுதுங்கள்.

நல்ல காஸ் திட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் நூலகம் அமைக்கப்போவதாக ஒரு மாணவன் திட்டம் எழுதி வந்தான். அழகான திட்டம்: புத்தகம் திரட்டுவது, சுவரில் ஓவியம், திறப்பு விழா. முதல் நாள் அந்தப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுந்து போய் ஓர் இரும்பு பீரோவைத் திறந்தார். உள்ளே அடுக்கடுக்காகப் புத்தகங்கள், பல கட்டுகள் பிரிக்கவே படவில்லை. "புத்தகம் இருக்கிறது தம்பி. தொலைந்தால் கணக்கெடுப்பில் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் பூட்டி வைத்திருக்கிறேன்" என்றார்.

பையனுக்கு முகம் தொங்கிவிட்டது. அவன் கொண்டுவந்த தீர்வுக்கு அங்கே பிரச்சினையே இல்லை. வேறொரு பிரச்சினை இருந்தது. அடுத்த சில வாரங்கள் அவனும் இரண்டு நண்பர்களும் செய்தது, பழுப்புத்தாளில் அட்டை போட்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் எழுதி, இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, எடுத்தவர் பெயரை எழுத ஒரு நீள நோட்டைக் கோடு போட்டுத் தயாரித்தது. ஏழாம் வகுப்பு மாணவிகள் இருவர் அந்த நோட்டுக்குப் பொறுப்பேற்றார்கள். தொலையும் புத்தகத்துக்கு மாற்றாக வாங்கித்தர ஒரு சிறு தொகை திரட்டி, அதை எழுத்தில் கொடுத்த பிறகுதான் ஆசிரியை பீரோச் சாவியை அந்தப் பிள்ளைகளிடம் தந்தார். விழா இல்லை, ரிப்பன் இல்லை. அவன் எழுதிய 'ரிஃப்ளெக்‌ஷன்' பதிவில் ஓவியத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. பயந்துகொண்டு பூட்டிவைக்கும் ஓர் ஆசிரியரின் நிலைமை பற்றி இரண்டு பக்கம் இருந்தது. மேலே சொன்ன ஏழு கேள்விகளில் ஆறுக்கு அந்த இரண்டு பக்கமே ஆதாரம்.

பதிவு எழுதுவது பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரவு பதினொரு மணிக்கு எழுத வேண்டிய அவசியம் அறவே இல்லை. செய்ததற்கெல்லாம், அன்றன்றைக்கு, பக்கம் பக்கமாக எழுத வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மனத்தில் ஏதாவது தைத்த நாளில் எழுதினால் போதும். குரல் பதிவாக இருக்கலாம், படமாக இருக்கலாம், ஒருங்கிணைப்பாளரோடு நடந்த பேச்சின் குறிப்பாகவும் இருக்கலாம். பத்தாம் வகுப்புக் கட்டுரைப் பழக்கத்தில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதிக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறேன். "இந்த அனுபவம் என் வாழ்க்கையையே மாற்றியது" என்று முடியும் பதிவுகளை நான் வண்டி வண்டியாகப் படித்திருக்கிறேன். இப்போது செயற்கை நுண்ணறிவு செயலிகள் அந்த வாக்கியத்தை இன்னும் வழவழப்பாக எழுதிக் கொடுக்கின்றன. "அந்தப் பாட்டி என்னைத் தன் பேரன் பெயரில் கூப்பிடுகிறார். நான் திருத்தவில்லை. திருத்தியிருக்க வேண்டுமா?" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். மூன்றே வரி. அதற்கு மேல் எந்த ஒருங்கிணைப்பாளரும் கேட்க மாட்டார்.

உங்கள் அண்ணன் அன்பினால்தான் சொல்கிறார், தெரிகிறது. ஆனால் காஸ் பதிவைப் பொய்யாக உருவாக்குவது ஐ.பி.யின் முறைகேட்டு விதிகளில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கும் குற்றம். தேர்வில் காப்பியடிப்பதோடு அதே பட்டியலில் இருக்கிறது. மாட்டிக்கொள்வதும் கடினமல்ல. 18 மாதத்தில் குறைந்தது மூன்று முறை ஒருங்கிணைப்பாளர் அவனை எதிரே உட்கார வைத்துப் பேசுவார். போகாத இடத்தைப் பற்றி மூன்று முறை பேச உங்கள் மகனுக்குச் சாமர்த்தியம் இருக்கிறதா என்று தெரியாது; இருக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். 2019 மார்ச்சில் அமெரிக்காவில் வெடித்த கல்லூரிச் சேர்க்கை மோசடியை நினைவுபடுத்துகிறேன். துடுப்பே பிடித்திராத பிள்ளைகளைப் படகோட்டிகளாகக் காட்ட, உடற்பயிற்சிக் கருவியில் உட்கார வைத்துப் படம் எடுத்த பெற்றோர் சிறைக்குப் போனார்கள். அண்ணனின் தாள் அந்த அளவுக்குப் பெரிய குற்றமில்லை என்பீர்கள். இருக்கட்டும். தாய்மாமன் கையெழுத்துப் போட்டால் வேலை செய்ததாகிவிடும் என்று பதினாறு வயதில் ஒருவன் கற்றுக்கொண்டால், பிற்காலத்தில் உங்கள் கம்பெனிக் கணக்கில் அவன் போடும் கையெழுத்தை எப்படி நம்புவீர்கள்? ஆனால் அண்ணனின் அறக்கட்டளை உண்மையாகவே வாராவாரம் ஏதாவது செய்கிறது என்றால், விடுமுறையில் மகன் அங்கே போய் வேலை செய்யட்டும். மேற்பார்வைக்குச் சொந்தக்காரர் அல்லாத ஒருவர் இருக்கட்டும்.

கம்போடியா விஷயத்தில் நான் கறாராகவே இருக்கிறேன். அங்கே அநாதை இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால் விட்டுவிட்டுப் போனவர்கள், பள்ளிப் படிப்பு கிடைக்கும் என்ற பேச்சை நம்பி அனுப்பியவர்கள். பணம் கொடுத்துச் சேவை செய்ய வரும் வெளிநாட்டவர் கூட்டம் பெருகப் பெருக, இல்லங்களும் பெருகின. இல்லங்களை நிரப்பப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். யூனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகள் இந்தச் சுற்றுலாவை வேண்டாம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. இரண்டு வாரம் கொஞ்சி விளையாடிவிட்டு விமானம் ஏறிவிடும் அண்ணன்மார்களையும் அக்காமார்களையும் மாதாமாதம் பார்க்கும் நான்கு வயதுக் குழந்தையின் நிலையை யோசித்துப் பாருங்கள். உங்கள் நான்கு லட்சத்தில் அந்தக் குழந்தையின் தாய்க்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று அந்த நிறுவனத்திடம் கேளுங்களேன்.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை. நம் ஊர்க் குழந்தைகள் இல்லங்களுக்கு மகன் போக நேர்ந்தால், அங்கே உள்ள பிள்ளைகளின் படத்தை எங்கும் போடக் கூடாது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. பள்ளிகளே இதை மீறிச் சமூக ஊடகத்தில் படம் போடுவதைப் பார்க்கிறேன்.

அமெரிக்கக் கல்லூரிக்கு உதவுமா என்றால், நீங்கள் நினைக்கும் அளவுக்கு உதவாது. அங்குள்ள பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடம் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து மட்டுமே. விடுமுறைச் சேவைப் பயணத்தைச் சேர்க்கை அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் பார்த்துச் சலித்தவர்கள். ஹார்வர்டு கல்வியியல் பள்ளியின் ஒரு திட்டம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, தூரதேசச் சேவையைக் காட்டிலும் ஓராண்டுக்காவது தொடர்ந்து உள்ளூரில் செய்த பணியை மதிக்க வேண்டும் என்றும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, குடும்பத்துக்காக உழைப்பது ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. பல கல்லூரிகளின் சேர்க்கை அதிகாரிகள் அதை ஆதரித்தார்கள். பிரிட்டன் என்றால் கதையே வேறு. 2026 சேர்க்கையிலிருந்து அங்கே விண்ணப்பத்தில் மூன்று கேள்விகள். கடைசிக் கேள்விதான் படிப்புக்கு வெளியே செய்ததைப் பற்றியது, அதையும் எடுக்கப்போகும் படிப்போடு தொடர்புபடுத்தித்தான் எழுத வேண்டும். இந்தியாவிலேயே மருத்துவம் என்று மனம் மாறினால் நீட் மதிப்பெண் மட்டுமே பேசும். அப்படி ஓர் எண்ணம் இருந்தால் காஸைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், எடுத்திருக்கும் அறிவியல் பாடங்கள் அதற்குப் போதுமா என்று இந்த மாதமே பள்ளியில் கேட்டுவிடுங்கள்.

சரி, அவன் பெரிய திட்டமாக என்னதான் செய்வது? அதை அவன்தான் தேட வேண்டும். நீங்களோ நானோ தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் 'தானாகத் திட்டமிட்டானா' என்ற கேள்வி அடிபட்டுப் போகும். இருந்தாலும் எங்கே பார்க்கலாம் என்று ஜாடை காட்டலாம். திருப்பூரில் பிறந்தவன் உலகப் பிரச்சினையைத் தேடி விமானம் ஏறுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. உங்கள் ஊர் வழியாக நொய்யல் ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் ஆறு. பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனதும், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற முறைக்குத் தொழில் மாறப் பட்ட பாடும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் கம்பெனித் துணி எந்தப் பட்டறையில் சாயம் ஏறுகிறது, அந்தத் தண்ணீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, மிஞ்சும் உப்பை என்ன செய்கிறார்கள் என்று மகனுக்குத் தெரியுமா? அப்பாவிடம் கேட்டு, போய்ப் பார்த்து, நான்கு நண்பர்களோடு ஆற்றின் வெவ்வேறு இடங்களில் தண்ணீரை மாதாமாதம் சோதித்து, கரையோர விவசாயி ஒருவரிடம் பேசிப் பதிவு செய்தால் அது திட்டம். வேதியியல் பாடத்துக்கு மதிப்பெண் வாங்கச் செய்யும் ஆய்வையே காஸ் என்றும் காட்ட முடியாது. அதில் மட்டும் கவனம் வேண்டும்.

இன்னொன்று உங்கள் செக்கிங் பிரிவிலேயே இருக்கிறது. அங்கே பிசிறு வெட்டிக்கொண்டிருப்பவர்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இருப்பார்கள். குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் புரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும். சி.பி.எஸ்.இ.யில் உங்கள் மகன் கற்ற இந்திக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா? ஆனால் அது அந்தப் பள்ளியின் ஆசிரியர் அனுமதியோடு, அவருக்கு எது தேவை என்று கேட்டு நடக்க வேண்டும். உங்கள் கம்பெனிப் பெயர் போட்ட பலகை எங்கும் இருக்கக் கூடாது. லாபம் ஈட்டும் நிறுவனத்துக்குச் செய்யும் வேலை சேவைக் கணக்கில் வராது, அப்பா கம்பெனியின் விளம்பரம் நிச்சயமாக வராது.

காலக்கணக்கை மட்டும் மனத்தில் வையுங்கள். ஐ.பி.யின் இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் ஆய்வுக் கட்டுரை, பாடவாரியான ஆய்வுகள், கல்லூரி விண்ணப்பம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். அதனால் பெரிய திட்டத்தை இந்த ஆண்டுக்குள், கோடை விடுமுறையையும் சேர்த்து, முடித்துவிடுவது நல்லது. இரண்டாம் ஆண்டில் கால்பந்தும் சனிக்கிழமையும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் போதும். அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது காஸ் ஒருங்கிணைப்பாளரைத் தனியாகச் சந்தித்து, மகனின் வார அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள், மாதிரி ஐ.நா. பயணங்களை அங்கேயே குறைத்துக்கொள்ளலாம், இரவு எத்தனை மணிக்கு விளக்கணைக்க வேண்டும் என்பதையும் விடுதிக் காப்பாளரோடு பேசி முடிவு செய்யலாம்.

கம்போடியாவுக்கு முன்பணம் கட்டிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டியிருந்தால், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோடை நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடிக்கொண்டே போகும்.